வயிற்றின் வாக்குமூலம்

திலகவதி விழுங்கிய மணி குன்றிமணியைவிடச் சிறியது. விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒரு பெண் அதைக் காகிதக் கிண்ணத்தில் வைத்து நீட்டினாள். தண்ணீர் குடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, சின்ன விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு முப்பது நாள் இருக்குமாம். பிறகு தானாகவே கழன்று போய்விடுமாம். பக்கத்தில் நின்ற கணவர் ஈசுவரமூர்த்தி தன்னுடையதை விழுங்கிவிட்டு, உள்ளே ஏதாவது தெரிகிறதா என்பதுபோல வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வயிற்றுக் காய்ச்சல் மூன்றாம் முறையாக உலகத்தைச் சுற்றி வந்து ஓய்ந்த பிறகு, நாடுகள் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு அது. எல்லை தாண்டுகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு எப்படியோ அப்படித்தான் மணியும். உள்ளே போகிற ஒவ்வொரு கவளத்தையும் அது சோதிக்கும். கெட்ட கிருமி தட்டுப்பட்டால் நேரத்தையும் இடத்தையும் குறித்து, அந்த ஊர் உணவுக் காவல் வாரியத்துக்குத் தகவல் அனுப்பும். யாரும் புகார் எழுத வேண்டியதில்லை. திலகவதிக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. தாராபுரத்தில் தபால் அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் அவள். விதி என்று ஒன்று இருந்தால் அது காரணத்தோடுதான் இருக்கும் என்று நம்புகிறவள்.

பினாங்குக்குப் போன கூட்டம் மொத்தம் பத்தொன்பது பேர். அழைத்துப் போன சிவநேசன் எல்லோரையும் பெரிய பெரிய உணவுக்கூடங்களிலேயே உட்கார வைத்தார். சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்திருக்கிற அந்த இடங்களெல்லாம் வாரியத்தின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தன. அங்கே இட்லி எல்லாம் ஒரே உயரம். சாம்பாருக்குக் காரமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் பேருந்து ஒவ்வொரு முறை கடற்கரைச் சாலையில் திரும்பும்போதும் சன்னல் வழியாக எண்ணெயும் வறுத்த வேர்க்கடலையும் கருகிய மிளகாயும் கலந்த ஒரு வாசம் வந்து திலகவதியின் மடியில் உட்காரும். மூன்றாம் நாள் சாயங்காலம், மற்றவர்கள் துணிக்கடைக்குள் போனபோது, அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏனுங்க, அந்தச் சந்துக்குள்ளார ஒருக்கா போய்ட்டு வந்துரலாங்களா?”

சந்தில் இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள். நடுவில் இருந்த வண்டிக்காரர் தமிழில் கூப்பிட்டார். பெயர் காதர் மஸ்தான். அறுபது வயது இருக்கும். பாய் என்று கூப்பிட்ட திலகவதியிடம், இங்கே எல்லோரும் தன்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி ரொகையா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் விற்றது பசம்பூர். இறால் வடை, பொரித்த மாவு வடை, சோயாக் கட்டி, அவித்த முட்டை எல்லாவற்றையும் மஸ்தான் பலகையில் வைத்துத் தடதடவென்று வெட்டினார். மேலே வெள்ளரிக்காயையும், செங்குவாங் என்று அங்கே சொல்லும் ஒரு வெள்ளைக் கிழங்கையும் இழை இழையாகச் சீவிப் போட்டார். அதன்மேல், சர்க்கரைவள்ளியும் கடலையும் மிளகாயும் கூடிக் கொதித்துச் செம்மண் நிறமாகிவிட்ட குழம்பை ஆவி பறக்க ஊற்றினார்.

முதல் வாயிலேயே திலகவதி பேச்சை நிறுத்திவிட்டாள். சூடும் குளிர்ச்சியும் ஒன்றாக இறங்கின. வடை மொறுமொறுவென்று உடைய, கிழங்கு நறுக்கென்று நீர்விட, இனிப்பு முடிகிற இடத்தில் காரம் வந்து பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வந்தது. துடைக்கக்கூட இல்லை. வீட்டில் அவள் எல்லோருக்கும் கடைசியாக, பெரும்பாலும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுகிறவள். இங்கே சின்ன நெகிழி நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, யாரோ ஒருத்தி கேட்காமலே வந்து தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். இரண்டாவது தட்டும் காலியானது. விரலில் ஒட்டியிருந்ததை அவள் வழித்து நக்குவதைப் பார்த்து ஈசுவரமூர்த்தி, முப்பது வருடத்தில் உன்னை இப்படிப் பார்த்ததில்லை என்றார். எண்ணெய்ப் பலகாரம் தனக்கு ஆகாது என்று அவர் எதையும் தொடவில்லை.

விடுதிக்குத் திரும்பும் வழியில் அவள் கைபேசியில் தமிழிலேயே ஒரு செய்தி வந்தது. விழிப்புள்ள பயணிக்கு நன்றி, தங்கள் பங்களிப்பால் ஓர் ஆபத்து கண்டறியப்பட்டுள்ளது என்று இருந்தது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து மேலே தள்ளிவிட்டாள்.

மறுநாள் மதியம் அவள் தனியாகவே சந்துக்குப் போனாள். இன்னொரு தட்டு சாப்பிட வேண்டும், ரொகையாவிடம் குழம்பின் பக்குவம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. வண்டியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டியின் கதவில் முத்திரை. மஸ்தான் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த கரண்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

காலை எட்டு மணிக்கு வாரியத்திலிருந்து வந்தார்களாம். நேற்று சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு இங்கே சாப்பிட்ட ஒரு வயிறு சொல்லிவிட்டதாம். யாருடையது என்று சொல்ல மாட்டார்களாம். உரிமம் போய்விட்டது. இந்த இடத்தில் இனி அவர் அடுப்பு மூட்ட முடியாது. இதையெல்லாம் அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திலகவதிக்கு நேற்றைய செய்தி நினைவு வந்தது. எடுத்துப் பார்த்தாள். அடியில் போட்டிருந்த நேரம் ஐந்து நாற்பதுதான். எதுவும் பேசாமல் போய்விடலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் கைபேசியை அவரிடம் நீட்டினாள்.

“நானா, அது என்ற வயிறுங்க.”

அவர் படித்தார். இரண்டு பக்கத்து வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் எழுந்து, வெயிலில் நிற்க வேண்டாம், வீடு மேலேதான் என்று படியைக் காட்டினார்.

ஒரே அறை. ரொகையா விவரம் தெரியாமல், வந்தவர்களுக்குச் செய்வதுபோல எலுமிச்சை பிழிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்தாள். திலகவதி கையை நீட்டுவதற்குள் மஸ்தான் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் ரொகையா. தங்கச்சிக்கு ஒன்னும் கொடுக்காதே.”

காரணத்தை அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். இந்த வீட்டில் அவள் ஒரு மிடறு குடித்தாலும் மணி இந்த வீட்டைக் குறித்துவிடும், வீட்டையும் பூட்டிவிடுவார்கள் என்று.  ரொகையா குவளையை மூலையில் இருந்த தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினாள். வீடு தேடி வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் உட்கார வைத்திருப்பது அவளுக்கு எப்படி இருந்ததோ, திரும்பி வந்தவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

தனக்கு ஒன்றுமே ஆகவில்லை, வயிறு கல்லாட்டம் இருக்கிறது என்று திலகவதி சொன்னாள். அதற்குத்தான் ரொகையா கேட்டாள்.

“நல்லா இருக்கிற வயிறு எப்படிக்கா சொல்லுச்சு? அந்தக் கிருமி ஊர்லேருந்தே உள்ள இருந்திருந்தா?”

அப்படி இருக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். மணி விழுங்குவதற்கு முன்னால், வயிறு சுத்தம் என்று சோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும். பத்தொன்பது பேருக்குமான சான்றிதழ்களைச் சிவநேசன் ஒரே உறையில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எந்தச் சோதனைக்கூடத்துக்கும் யாரும் போகவில்லை. அலைச்சல் மிச்சம் என்று அவளும்தான் சந்தோஷப்பட்டாள்.

சாயங்காலம் விடுதியில் அவள் விஷயத்தைச் சொன்னதும் சிவநேசன் கதவைச் சாத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். இது வெளியே தெரிந்தால் எல்லோரையும் பிடித்து வைத்துவிடுவார்கள், கூட்டத்தில் ஒருவருக்குப் பத்து நாளில் பேத்தி கல்யாணம், இன்னொருவர் இதயத்துக்கு மாத்திரை எண்ணி எடுத்துவந்திருக்கிறார் என்றார். ஈசுவரமூர்த்தி மனைவியைத் தனியாக அழைத்துப் போய், நாம் என்ன தெரிந்தா செய்தோம், விட்டுவிடு என்றார். அவள் விடவில்லை. காலையில் அவள் கிளம்பியபோது அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

வாரியத்தில் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்த அதிகாரியின் பெயர் இந்திராணி. அந்த ஊர்த் தமிழ்ப் பெண்தான். நாற்பது வயதுக்குள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“மணி தப்பா சொல்லல மா. கிருமி இருக்கு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு மணிக்குத் தெரியாது. பட்டியல்ல இல்லாத எந்த இடத்துல கடைசியா சாப்பிட்டீங்களோ, அதைக் காட்டும்.”

“அதுக்கு முன்னால ரெண்டு நாளு பெரிய ஓட்டல்ல சாப்பிட்டனுங்களே?”

“அதெல்லாம் பட்டியல்ல இருக்கிற இடம். அதை மணி சந்தேகப்படாது. அப்படித்தான் செஞ்சிருக்காங்க.”

கடையில் இருந்த சாப்பாட்டைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று திலகவதி கேட்டாள். சோதிக்க ஒன்றும் இல்லை என்றாள் இந்திராணி. மஸ்தான் தினமும் கடை மூடும்போது மிச்சத்தைக் கொட்டி, வண்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிவிடுகிறவர். வாரியத்து ஆட்கள் போனபோது எல்லாம் பளபளவென்று இருந்தது. கொஞ்சம் அழுக்கான ஆளாக இருந்திருந்தால் ஒரு கரண்டிக் குழம்பாவது கிடைத்திருக்கும். அதில் கிருமி இல்லை என்று நிரூபித்திருக்கலாம்.

“நான் ஊர்லிருந்து வரும்போதே அது என்ற வயித்துல இருந்திருக்குமுங்க,” என்றாள் திலகவதி.

இந்திராணி திரையைத் திருப்பிக் காட்டினாள். திலகவதியின் பெயர், முத்திரை, கையெழுத்து. வயிறு சுத்தம் என்று இருந்தது.

“அது பொய்யிங்க. எனக்குச் சோதனையே பண்ணலீங்க.”

இந்திராணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இதை நான் எழுதிக்கிட்டா, பத்தொன்பது பேரையும் இன்னைக்கே தனியறையில வைப்பாங்க. இருபத்தொரு நாள். கடை அப்பவும் திறக்காது.”

“ஏனுங்க திறக்காது?”

“சான்றிதழ் பொய்னா, நீங்க எப்படி வந்தீங்கன்னு யாருக்கும் தெரியாதுன்னுதான் ஆகும். கிருமியோட வந்தீங்கன்னு ஆகாது.”

“அப்ப இப்பவே சோதிச்சுப் பாருங்க. இருக்கும்.”

“இருக்கும் மா. அந்தக் கடையில சாப்பிட்டதால வந்துச்சுன்னு எழுதுவாங்க.”

திலகவதிக்கு எல்லாப் பக்கமும் சுவராக இருந்தது, ஒவ்வொரு சுவரும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. தன் சன்னலுக்கு முன்னால் வந்து நின்ற முகங்கள் அவளுக்கு நினைவு வந்தன. கையெழுத்து மாறிப்போன கிழவர்கள், பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதால் திரும்பிப் போன பெண்கள். அவர்களிடம் அவளும் கோபமில்லாமல், தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறாள், விதி அப்படீங்க என்று.

“நான் பள்ளிக்கூடம் போற காலத்துலேருந்து அவர் கடையில சாப்பிட்டிருக்கேன்,” என்றாள் இந்திராணி. “எழுதட்டுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க.”

திலகவதி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுங்கள் என்று அவள் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்திராணி எதையும் எழுதாமல் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அங்கிருந்து அவள் சந்துக்குத்தான் போனாள். செய்தி அதற்குள் பரவியிருந்தது. அவள் நடந்துவர நடந்துவர, முன்னால் இருந்த வண்டிகளில் மூடிகள் விழுந்தன. அப்பம் சுட்டுக்கொண்டிருந்த சீனப் பெண் கல்லின்மேல் துணியைப் போட்டாள். தேங்காய்ப்பால் ஐஸ் விற்றவர், பாத்திரம் தளும்ப வைத்துக்கொண்டு, முடிஞ்சு போச்சு என்று கையை ஆட்டினார். ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. பயந்துபோயிருந்தார்கள், அவ்வளவுதான். தாராபுரத்திலிருந்து வந்த, மூட்டுவலிக்காரியான ஒரு அம்மாளைப் பார்த்து ஒரு தெருவே பயந்து நின்றது.

வாரியத்தில் நடந்ததை அவள் சொல்லி முடிக்கும்வரை மஸ்தான் கேட்டார். மற்ற பதினெட்டுப் பேர் என்ன செய்வார்கள், நீங்கள் பேசாமல் இருந்ததுதான் சரி என்றார். அதை அவர் வாயால் கேட்டது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடச் சொல்லி, எண்ணைக் கடலை மடிக்கும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மீதி இருந்த நாட்கள் முழுவதும் அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலங்களையே பிரித்துத் தின்றாள்.

திரும்பி வந்து சில வாரங்களில் மணி கழன்று போய்விட்டது. மஸ்தானுக்கு இரண்டு முறை போன் செய்தாள். பட்டியலில் உள்ள ஓர் உணவுக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. வெள்ளரிக்காய் சீவுகிற வேலை. அதே கை, அதே வெள்ளரிக்காய், ஆனால் இங்கே யாருக்கும் சந்தேகம் வராது என்று அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளால் சிரிக்க முடியவில்லை. சான்றிதழ் விஷயத்தை எழுதி வாரியத்துக்கே ஒரு மனு அனுப்பலாம், மற்ற பதினெட்டுப் பேரும் இப்போது வீடு வந்து சேர்ந்துவிட்டார்களே என்று தோன்றியது. நீளமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

மூன்றாம் மாதம் வாரியத்திடமிருந்து தடித்த உறையில் ஒரு கடிதம் வந்தது. மனுவுக்குப் பதில் என்று நினைத்துப் பிரித்தாள். அது பதில் இல்லை. நல்ல தாளில், நல்ல தமிழில், நன்றி தெரிவித்து எழுதியிருந்தார்கள்.

‘தங்கள் வயிற்றில் பதிவான குறிப்பு தெளிவானது, முழுமையானது, உரிய காலத்துக்குள் அதன்மீது எவ்வித மறுப்பும் பதிவாகவில்லை. ஆகவே புதிதாக வழங்கப்படும் மணிகள் அனைத்துக்கும் அதுவே மாதிரிக் குறிப்பாக வைக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்று மாலை தாங்கள் உண்டதைப் போன்ற உணவு எங்கு தென்பட்டாலும், கிருமி தோன்றும்வரை காத்திராமல், மணி இனி முன்கூட்டியே எச்சரிக்கும்.’

ஈசுவரமூர்த்தி இரண்டு முறை படித்தார். புதிய மணி எப்போதிலிருந்து என்று தேதியைத் தேடினார். ஐந்து வாரம் ஆகியிருந்தது. கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

திலகவதி மஸ்தானைக் கூப்பிட்டாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. அவள் விஷயத்துக்கு வருவதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். சந்தில் இன்னும் ஐந்து கடை மூடியாகிவிட்டது. அப்பக்காரி போய்விட்டாள். ஜப்பானிலிருந்து வந்தவர்கள், துருக்கியிலிருந்து வந்தவர்கள், யார் வந்து சாப்பிட்டாலும் மணி சொல்லிவிடுகிறது. ஒருவர் தட்டில் பாதிகூடச் சாப்பிடவில்லையாம், அதற்குள் சொல்லிவிட்டதாம்.

“ரொகையா உங்களை நினைச்சு அழுதா தங்கச்சி. ஒரு பொம்பளை வயித்து மேல வீணாப் பழி போட்டோமேன்னு. இப்பப் பாருங்க, வர்றவங்க வயிறெல்லாம் அதையேதான் சொல்லுது. அப்ப எங்ககிட்டதான் ஏதோ கோளாறு. நாப்பது வருசமா ஊரு சனத்துக்கு நான் என்னத்தைப் போட்டேனோ.”

“அப்படிச் சொல்லாதீங்க நானா. அந்த மணியெல்லாம் என்னோடதுங்க. என்ற வயித்தைப் பார்த்து எழுதுனதுங்க. கடுதாசி வந்திருக்குது, படிக்கறனுங்க, கேளுங்க.”

படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி முத்திரைவரை, ஒரு சொல் விடாமல், பழைய தபால் அலுவலகத் தெளிவோடு படித்தாள். அவருக்குப் புரிகிறமாதிரி தன் சொல்லில் இன்னொரு முறையும் சொன்னாள்.  அவள் முடிக்கும்வரை பலகையில் கத்தி விழுகிற சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

“உங்களுக்கு நல்ல மனசு தங்கச்சி,” என்றார் மஸ்தான். “ஆனா அவ்வளவு பெரிய இடத்துலேருந்து எழுதியிருக்காங்க. ஒன்னும் இல்லாமயா எழுதுவாங்க?”

வேலை கிடக்கிறது என்றார் அவர். ரொகையா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் என்றும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.